இழுக்கக் கூடாத கை பிறேக்

பிறேக்கில் எயர் எடுப்பது தனியாளின் வேலை அல்ல. ஒருவர் வாகனத்துக்குள் இருந்து பெடலை அழுத்த வேண்டும். மற்றவர் ரயர் மாட்டிய சில்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்து, அங்கே இருக்கிற சின்ன நிப்பிளை ஸ்பனரால் திறந்து, ஒயிலோடு சேர்ந்து வருகிற காற்றை வெளியே விட்டு, உள்ளே இருப்பவர் காலை எடுக்குமுன் திரும்பப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கு முதல் கால் மேலே வந்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். பிறகு முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். அழுத்து என்றால் அழுத்தவும், விடு என்னும்வரை விடாமல் இருக்கவும் தெரிந்த எவரும் உள்ளே இருக்கலாம் என்பது என் கணவரின் எண்ணம்.

எனக்கு அந்த இரண்டாவது காரியம் வராது. சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், காலை முழுக்கச் சின்னஞ்சிறுசுகளுக்குப் பின்னால் ஓடுகிற கால், கதிரையில் இருந்தாலும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கை ஏதாவது ஒன்றைத் திருகிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவளை அந்தக் கிழமை முழுதும், பள்ளி விட்டு வந்த உடனே, ஜீப்பின் டிறைவர் சீற்றில் ஏற்றி இருத்தினார் மனிதர். வேறு ஆள் கிடைக்கவில்லை அவருக்கு.

எங்கள் ஜீப் பார்ப்பதற்கு ஆளைப் பயப்படுத்தும். யாழ்ப்பாணத்தில் யாரோ கைவிட்டுப் போட்டிருந்த பழைய ஜீப்பை வாங்கி, வாகனம் ஏற்றுகிற பாதை என்கிற மிதவையில் கடல் கடத்தி நெடுந்தீவுக்குக் கொண்டுவந்தார். கூரையை வெட்டினார். அடிவயிறு முருகைக்கல்லில் இடிக்காதபடி வில்லுத் தகடுகளை உயர்த்தினார். உழவு இயந்திரத்துக்குப் போடலாம் போன்ற ரயர்களை மாட்டினார். முன் சில்லுகளில் இருந்த பழைய ட்றம் பிறேக்கைக் கழற்றி வேறு வாகனத்தின் டிஸ்க் பிறேக்கைப் பொருத்தினார். பின்னால் பழைய ட்றம்மே இருந்தது. படகில் வந்து இறங்குகிற ஆட்களைக் கோட்டை, ஆலமரம், குதிரை என்று ஏற்றிக்கொண்டு போவார். ஆட்கள் வராத நாளில் மாடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுவார். அதில் ஏற எனக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். எங்கள் மகள் குரங்குக்குட்டி மாதிரித் தானே ஏறி முன் சீற்றில் இருந்துவிடுவாள்.

நான் பிறந்தது கரம்பொன்னில். அங்கே வாகனத்துக்கு வருத்தம் என்றால் பாலம் கடந்து கராச்சுக்குக் கொண்டுபோகலாம். இங்கே நாலு பக்கமும் கடல். வாகனம் ஏற்றுகிற பாதை தன் எண்ணத்துக்குத்தான் வரும். ஆனபடியால் நெடுந்தீவில் வாகனம் வைத்திருக்கிற எல்லோரும் பாதி மெக்கானிக். மற்றப் பாதி என்னவென்று நான் சொல்லப் போவதில்லை.

அதற்கு முதல் கிழமை நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். சாமான் எடுக்க இறங்குதுறைக்குப் போனோம். மகள் நடுவில், நான் ஓரத்தில். வழமைபோல இறங்குதுறை விளிம்புக்குக் கிட்ட நிறுத்த இவர் பிறேக்கை அழுத்தினார். ஜீப் நிற்கவில்லை. பெடல் தரைவரை போனது என் கண்ணுக்கே தெரிந்தது. காலை எடுத்துத் திரும்ப ஒரு குத்துக் குத்தினார். அதற்குத்தான் நின்றது. முன் ரயருக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

இவர் சிரித்தார். தகப்பன் சிரித்ததைப் பார்த்து மகளும் சிரித்தாள். நான் கல்லை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவுகளில் யாரும் கை பிறேக்கை இழுப்பதில்லை. உப்புக் காற்று. ஓர் இரவு இழுத்து விட்டால் விடியப் பார்க்க உள்ளே இருக்கிற லைனர் ட்றம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் அடித்துத்தான் சில்லைச் சுழற்ற வேண்டும். அதனால் கியரில் போட்டுவிட்டு, சில்லுக்கு ஒரு கல்லை அண்டை கொடுப்போம். கரம்பொன்னில் எங்கள் ஐயாவின் உழவு இயந்திரத்துக்கும் ஒரு கல் இருந்தது. இந்த ஜீப்பின் கல் தேங்காய் அளவு முருகைக்கல். என் காலடியில் கிடக்கும். வாகனம் நின்றதும் குதித்து அதைச் சில்லுக்கு வைப்பது என் பொறுப்பு. நிற்குமுன்னமே மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். கை பிறேக்குக்கு இவர் புதுக் கேபிள் போட்டு, கிறீஸ் பூசி அழகாகத்தான் வைத்திருந்தார். தொடத்தான் விடமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன்.

"உந்தப் பிறேக் சரி வருமட்டும் என்ரை பிள்ளை உதிலை ஏறமாட்டாள். சொல்லிப்போட்டன்."

"ரெண்டாந்தரம் அமத்தப் பிடிச்சுது எல்லே? கொஞ்சம் எயர் நிக்குது, அவ்வளவுதான். இந்தத் தட்டைத் தீவிலை ஏத்தம் எங்கை, இறக்கம் எங்கை? நீர் ஏன் பயப்பிடுறீர்?"

"இறங்குதுறையிலை கடல் கிடக்கு."

அவருக்கு வேறொரு தலையிடியும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவருடைய அக்கா வருகிறா. வெளிநாட்டுக்குப் போய்ப் பல வருடத்துக்குப் பிறகு, புருசனோடு, முதல் படகில். தீவு முழுக்கத் தன் ஜீப்பில் சுற்றிக் காட்டுவதாக இவர் போனில் வாக்குக் கொடுத்திருந்தார். ஜீப்பைக் கழுவி ஒரு படம், சேறோடு ஒரு படம் என்று எத்தனை அனுப்பியிருப்பார்! அக்காவும் மருமகளை, அதாவது எங்கள் மகளை, மடியில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டா.

"அண்டைக்கு ஒரு நாளைக்கு வாடகைக்கு வான் பிடியுங்கோவன்," என்றேன்.

"செத்தாலும் மாட்டன்."

இந்தப் பதிலில் விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். பிறேக் சரிவந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை இவர் அந்த ஜீப்பைத்தான் எடுப்பார். என் பயம் இவரைப் பற்றியது மட்டும் அல்ல. வீட்டில் இவ்வளவு வாய் காட்டுகிற நான், அன்று மச்சாளுக்கு, அதுதான் அவருடைய அக்காவுக்கு, முன்னால், இறங்குதுறையில் அத்தனை சனத்துக்கு நடுவில், "என்ரை பிள்ளையை ஏத்தாதேங்கோ" என்று சொல்வேனா? சொன்னால் இவர் முகம் என்னாகும்? சொல்லாமல் விழுங்கிக்கொண்டு பிள்ளையை ஏற்றிவிடுவேனோ? அந்தக் கிழமை முன்பள்ளியில் பிள்ளைகள் பாட்டுப் பாட, நான் தரையை வலது காலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

திங்கள் தொடங்கினோம். முதலில் ஒழுக்குப் பார்த்தார். குழாய்கள் ஒவ்வொன்றையும் பழந்துணியால் துடைத்து, துணியை முகர்ந்து, எனக்கும் முகரக் காட்டினார். எங்கும் ஈரம் இல்லை. ஒயில் போத்தலில் அளவு இறங்கவில்லை. முன்னுக்குப் போட்ட டிஸ்க்கில் நிப்பிள் மேல்பக்கம்தான் பார்க்கிறதா என்று பார்த்தார். கீழே பார்த்தால் காற்று மேலே தங்கிவிடுமாம். சரியாகத்தான் இருந்தது. பெடலுக்குப் பின்னால் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டினார். பிறகு எயர் எடுக்கத் தொடங்கினார். தூரத்தில் இருக்கிற சில்லுக்கு முதலில், கிட்ட இருப்பதற்குக் கடைசியில்.

"அமத்தும்!" என்று பின்னால் நிலத்திலிருந்து குரல் வரும்.

அழுத்துவேன்.

"பிடியும்... பிடியும்..."

பெடல் காலுக்குக் கீழே மெல்ல அமிழ்ந்து போகும். அந்த அமிழ்தல் எனக்குப் பிடிக்கவில்லை. இறங்குதுறையில் கண்ட அதே அமிழ்தல்.

"சரி, விடும்."

விடுவேன். திரும்ப அமத்தும். திரும்பப் பிடியும். காலில் ஒரு நுளம்பு கடிக்கும், குனிந்து சொறியக் கூடாது. குசினியில் பால் பொங்குமோ என்று நினைவு வரும், எழும்பக் கூடாது. ஒரு நாள் பக்கத்து வீட்டு மாடு வந்து வெற்றிலைக்கொடியை இழுத்தது. நான் கத்தினேன், கை தட்டினேன், காலை மட்டும் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய பெரிய பொறுமை அதுதான். இவரோ மாட்டைக் கலைக்கவில்லை என்று பிறகு ஏசினார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பின்னேரம். மகளைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டிருந்தேன். வெயில் இன்னும் குறையவில்லை. நிப்பிளில் மாட்டிய சின்னக் குழாய் ஒரு போத்தலுக்குள் போகும். காற்று இருந்தால் அதில் குமிழி தெரியும். நான் எட்டிப் பார்த்தேன். தேன் நிறத்தில் ஒயில் வந்துகொண்டிருந்தது, ஒரு குமிழிகூட இல்லை. நாலு சில்லும் அப்படியே. இவர் கடைசி நிப்பிளைப் பூட்டிவிட்டு, "இப்ப அமத்திப் பாரும்," என்றார்.

அழுத்தினேன். பெடல் தரைக்குக் கிட்டப் போனது. திரும்ப அழுத்தினேன். உயர்ந்து நின்றது.

"அதே மாதிரித்தான் கிடக்கு."

"நீர் காலை எடுத்துப்போட்டீர்."

"நான் எடுக்கேல்லை."

"எடுத்தனீர். நான் பூட்டமுதல் எடுத்தபடியால்தான் காத்து திரும்ப உள்ளுக்கை போட்டுது. ஒரு இடத்திலை இருக்க உமக்கு ஏலாது எல்லே?"

"நான் எடுத்திருந்தால் குமிழி வந்திருக்குமே! போத்தலை நீங்கள்தானே பாத்தனியள்?"

ஜீப்புக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். ஸ்பனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேலே அந்த இரும்பைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தார். என்னிடம் இல்லை, அந்த இரும்பிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நாளைக்கு மெல்லமாத்தான் ஓடுவன். ரெண்டுதரம் அமத்தினால் பிடிக்கும். இதுக்கு மேலை என்னாலை ஏலாது."

நான் ஒரு கிழமையாகப் பயந்துகொண்டிருந்த வசனம் அதுதான். அதைக் கேட்டதும் எனக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது. இடது கைக்குக் கிட்ட இருந்தது கை பிறேக் தடி. பிடித்து இழுத்தேன். பாரமே இல்லாமல் ஆகாயம் பார்க்க எழும்பி வந்தது. கீழே இறக்கினேன். திரும்ப இழுத்தேன். பின் சில்லுப் பக்கம் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"என்ன செய்யிறீர்? அதை இழுக்காதையும்! ஒட்டிப்போகும்!"

"ஒட்டட்டும்! ஒட்டினால் எண்டாலும் நிக்கும்!"

"விசரே உமக்கு?"

"ஓம், விசர்தான்! பிள்ளையைக் கடலுக்கை விடப் பாக்கிற ஆளைக் கட்டினனான், எனக்கு விசர்தான்!"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இழுவை. டிக், டிக். இவர் கீழிருந்து வெளியே வர அவசரப்பட்டுத் தலையை எதிலோ இடித்துக்கொண்டார். நான் பார்க்கவில்லை. கோபத்தில் சொல்வதற்கு எனக்கு எப்போதும் நிறைய இருக்கும். நான் சொல்லி முடிக்கும்போது தடி பாதிக்கு மேல் எழும்பவில்லை, கைக்குப் பாரமாக இருந்தது. அது ஏன் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. தடியை இறக்கிவிட்டு, இறங்கிப் போய்விடுவோம் என்று எழும்புகிற வேகத்தில் பெடலில் காலை ஊன்றினேன்.

பெடல் அமிழவில்லை. திண்ணென்று மேலேயே நின்றது.

காலை எடுத்தேன். ஒரே ஒருதரம் அழுத்தினேன். நின்றது.

"இஞ்சேருங்கோ," என்றேன். "இதை ஒருக்கா வந்து அமத்திப் பாருங்கோ."

நெற்றியைத் தடவிக்கொண்டு வந்தார். வெளியே நின்றபடி குனிந்து கையால் அழுத்தினார். திரும்ப அழுத்தினார். பிறகு என்னைப் பார்க்காமல் கை பிறேக் தடியைப் பார்த்தார். அதைத் தானே ஒருதரம் இழுத்தார். டிக். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

பின் சில்லைக் கழற்றி ட்றம்மைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே இரண்டு லைனருக்கும் நடுவில் ஒரு சின்னப் பல்லுச் சக்கரம் இருக்கிறது. கை பிறேக்கை இழுக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு தகட்டு நாக்கு அந்தப் பல்லைத் தட்டி, தேய்ந்த லைனரை ட்றம்முக்குக் கிட்டத் தள்ளும். இழுக்காமலே விட்டால் லைனர் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும். முதல் தரம் பெடலை அழுத்துவது அந்த இடைவெளியைக் கடக்கவே சரியாகிவிடும். இரண்டாவது தரம்தான் பிடிக்கும். காற்று எங்கேயும் இருக்கவில்லை. கிழமை முழுக்க நாங்கள் இல்லாத காற்றை எடுத்துக்கொண்டிருந்தோம். பிறேக் பழுதாகக் கூடாது என்று தீவே கூடி இழுக்காமல் விட்ட தடி அது.

"உந்தப் பல்லுக்கு நான்தான் கிறீஸ் பூசினனான்," என்றார் இவர். "வடிவாத் தெரியும் எனக்கு. ஆனால் கை பிறேக்கை இழுக்கிறது எண்டு ஒண்டு கிடக்கு எண்டே நினைவு வரேல்லை."

"எனக்கும்தானே தெரியேல்லை. ஐயாவும் கல்லுத்தான் வச்சவர்."

இவர் அந்தச் சின்னச் சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எண்டாலும், எயர் முழுக்க எடுத்தபடியால்தான் இப்ப இவ்வளவு நல்லாப் பிடிக்குது."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. கிழமை முழுக்க அடைத்து வைத்த எல்லாமும் சேர்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அழுததும் அதற்குள் கொஞ்சம் இருந்தது.

இரண்டு பின் சில்லுக்கும் ஸ்குறூ டிறைவரால் பல்லைத் தட்டி, சில்லைக் கையால் சுழற்றினால் லைனர் லேசாக உரசுகிற சத்தம் கேட்கும் அளவுக்கு வைத்தார். பொழுது படுமுன் பார்த்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இரண்டு பக்கமும் கல்மதில் உள்ள எங்கள் ஒழுங்கைக்குப் போய், நடு வழியில் அந்தக் கல்லை வைத்துவிட்டு மதிலோடு ஒதுங்கினேன். ஒரே ஒருதரம் அழுத்தி, கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். வந்தார், நின்றார். இன்னொருதரம் என்றேன். கொஞ்சம் வேகமாக என்றேன். அவர் பொறுமை இழந்து ஹோன் அடிக்கும்வரை விடவில்லை. அன்று இரவு சோறு போடும்போதும் என் வலது கால் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை முதல் படகில் மச்சாள் வந்தா. இவரைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதா. மகளைத் தூக்கினா, என்னைத் தடவினா. அவவின் புருசன் பைகளோடு நின்றார். ஜீப் விளிம்பிலிருந்து தள்ளித்தான் நின்றது. நிறுத்தியபோது இவர் எல்லோருக்கும் கேட்கும்படி கை பிறேக்கை இழுத்தார். கல்லுக்கு வேலை இல்லை, என் காலடியிலேயே கிடந்தது. மகளை நான் ஜீப்பில் ஏற்றவில்லை, பக்கத்து வீட்டாரோடு சைக்கிளில் வந்திருந்தாள்.

எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. நேற்று நின்ற பெடல் இன்றும் நிற்குமா? இரவோடு இரவாகப் பல் பின்னால் கழன்றிருந்தால்? வரும்போது ஒழுங்காகத்தான் நின்றது, ஆனால் அப்போது அழுத்தியது அவருடைய கால், என்னுடையது அல்ல. இதைக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மச்சாள் ஜீப்பின் ரயரைத் தொட்டுப் பார்த்து, "தம்பி, படத்திலை பாத்ததிலும் பெரிசாயெல்லே கிடக்கு!" என்று சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றா. சுற்றி எத்தனை சனம். நான் பயந்த மாதிரியே வாய் அடைத்துவிட்டது. மகள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

இவர் கையை நீட்டி அவளை மறித்தார்.

"பொறு பிள்ளை. அக்கா, நீங்களும் கொஞ்சம் நில்லுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும். ஒருக்கா ஏறி அமத்திப் பாத்துச் சொல்லும்."

அத்தனை பேருக்கும் முன்னால், ஏற எனக்குக் கையும் கொடுத்தார். டிறைவர் சீற்றில் இருந்தேன்.

மச்சாள் ஆச்சரியமாகப் பார்த்தா. "இவவோ உதை ஓடுறது?"

"இல்லையக்கா, ஓடுறது நான்தான். ஓம் எண்டு சொல்லுறது இவ."

ஒருதரம் அழுத்தினேன். உயரத்தில், இறுக்கமாக நின்றது. போதும்தான், ஆனாலும் என் கால் என் கால் அல்லவா, இன்னொருதரமும் அழுத்திப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் மகளைத் தூக்கி ஏற்றினார்.